கூத்துக்கு வேண்டியது வெளி

மட்டக்களப்பில் கூத்தைக் காப்பது என்றதும் ஏடுகளையும் உடுப்புகளையும் ஆட்டம் பழக்கும் அண்ணாவிமாரையும் பேசுகிறோம். ஆடுகளமான களரி நின்ற கோயில் வெளியை மறந்துவிடுகிறோம். வாவிக்கரை ஊர்களில் அந்த வெளிதான் அரங்கு. மண்ணை உயர்த்தி, கம்பு நட்டு அமைத்த வட்டக்களரியைச் சுற்றி ஊரே அமர்ந்திருக்கும். ஆடுபவருக்கு முன், பின் கிடையாது. எல்லாத் திசைக்கும் ஆடவேண்டும். வடமோடிக் கூத்தின் வேகமும் சுழற்சியும் அந்த வட்டத்தில்தான் பொருள் பெறுகின்றன. வெளிக்குள் மதிலும் கடையும் வந்தால் ஆட்டமே மாறிப்போகும்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என்று பேராதனையில் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனாரே, அதனால் கூத்து அழிந்ததா என்று கேட்கலாம். அழியவில்லை, புதிய பார்வையாளரும் மதிப்பும் கிடைத்தன. அது பெருங்கொடை. ஆனால் அந்த மேடைக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். அவரை உருவாக்கியது களரி. வெளியைக் காக்கக் காசில்லை என்பதும் சரியான பதிலல்ல. களரிக்குக் கட்டடம் வேண்டாம். நிழல் மரங்களை வெட்டாமல், மழைநீர் வடிய வழிவிட்டு, வெளியை வெளியாகவே வைத்திருந்தால் போதும். கோயில் நிர்வாகமும் பிரதேச சபையும் அதை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும், அடுத்த மதிலுக்கு அத்திவாரம் வெட்டுமுன்பே.