சரவாங்கியும் தாடை மூட்டும்: லண்டனிலிருந்து தூத்துக்குடிக்கு

காதுக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் தோலுக்கடியில் நகர்வது கீழ்த்தாடை எலும்பின் தலை. அது பொட்டெலும்பின் குழியில் பொருந்துமிடமே தாடை மூட்டு. முழங்காலில் எலும்பு முனைகளைப் பளபளப்பான குருத்தெலும்பு மூடியிருக்க, இங்கே நார் மிகுந்த குருத்தெலும்பு மூடியிருக்கிறது. நடுவே மெல்லிய வட்டு ஒன்றும், சுற்றிலும் மசகுநீர் சுரக்கும் மூட்டுச்சவ்வும் உண்டு. நாட்டு வழக்கில் சரவாங்கி எனப்படும் முடக்குவாதம் எந்த மூட்டிலும் முதலில் தாக்குவது இத்தகைய சவ்வைத்தான்.

அந்தத் தாக்குதலின் இயல்பை விளக்க மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி உதவும். வெளியிலிருந்து ஏதேனும் புகுந்தால் சிப்பியின் மேலுறைத் திசு அதைச் சூழ்ந்து பையாகி, அதன்மேல் சுண்ணாம்பை ஏடு ஏடாகப் படியவிடுகிறது. தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் முத்து விளைவித்ததும், மணி ஒன்றையும் மேலுறைத் துணுக்கையும் சிப்பிக்குள் வைத்து இத்திறனைத் தூண்டியதால்தான். முடக்குவாதத்திலோ உடல் தன் சொந்தப் புரதங்களையே அயலாகக் கருதுகிறது. முடிவில் சுண்ணாம்பு படிவதில்லை, கரைகிறது.

நோய் எதிர்ப்புப் படையை ஏவும் டி செல்கள் சவ்வுக்குள் குவிய, பி செல்கள் உடலின் மாற்றமடைந்த புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைச் சுரக்க, கண்டதை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள் டி.என்.எஃப், இன்டர்லூக்கின்-6 முதலிய அழற்சிப் புரதங்களை வெளியிடுகின்றன. இதனால் தடித்த சவ்வு குருத்தெலும்பின்மேல் படர்ந்து அதை அரிக்கும். எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களும் பெருகும். தாடைத் தலை இருபுறமும் தேயும்போது கீழ்த்தாடை பின்வாங்க, கடைவாய்ப் பற்கள் முந்தி மோதுகின்றன. முன்பற்களோ ஒன்றையொன்று தொடாமல் நின்றுவிடுகின்றன. அவித்த பனங்கிழங்கை முன்பல்லால் கடித்து நார் உரிக்க முடியாமற்போவது இந்நிலையில்தான்.

இந்நோய் பெரும்பாலும் கைவிரல்களிலும் பாதங்களிலும் தொடங்கித் தாடைக்குப் பின்னரே வருவதால் மூட்டு மருத்துவர் வாயைப் பார்ப்பதில்லை, பல் மருத்துவர் கையைப் பார்ப்பதில்லை. இருவருக்கும் நடுவே தாடை மூட்டு அநாதையாகிவிடுகிறது. காதுவலி, கடைவாய்ப் பல்வலி என்று நாள் கடத்துவதும் உண்டு. கடற்கரையில் சந்தேகத்துக்கு வேறு காரணங்களும் இருக்கின்றன: காற்றுக்குழாயின் வாய்ப்பகுதியை நெடுநேரம் கடித்தபடி மூழ்குவோருக்குத் தாடை வலிப்பது தசைக் களைப்பு, 2006இல் தமிழகமெங்கும் பரவிய சிக்குன்குனியா விட்டுச்செல்லும் மூட்டுவலி முடக்குவாதம் போலவே தோன்றும். ஆயினும் காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் இறுகியிருந்து, வாரக்கணக்கில் வீக்கமும் தொடர்ந்தால், களைப்பென்று விட்டுவிடலாகாது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வரும் நோய் இது. உப்பளத்தில் நாளெல்லாம் கை ஓயாத பெண்கள் விரல் வீக்கத்தை வேலையின் கூலியென்று எண்ணிவிடுவது எளிது.

இம்மடல் எழுதப்படும் லண்டனில், சேரிங் கிராஸ் மருத்துவமனையில் 1992இல் மார்க் ஃபெல்ட்மனும் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் டி.என்.எஃப் புரதத்தைத் தடுக்கும் மருந்தை முடக்குவாத நோயாளிகளுக்கு முதன்முதலாகச் செலுத்தி, ஒற்றைப் புரதத்தை அடக்கினாலே அழற்சி தணியும் என்று காட்டினர். விலை மிகுந்த அம்மருந்து எல்லோருக்கும் தேவைப்படாது. பலருக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரையே முதல் மருந்து. அதை வாரம் ஒருமுறைதான் உட்கொள்ள வேண்டும். தவறி நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எந்த மருந்தும் தேய்ந்த தாடைத் தலையை மீண்டும் வளர்த்துத் தராது. ஆகவே கடைவாய் வலியோடு வருபவரின் பல்லைப் பிடுங்குமுன் அவர் கைவிரல்களையும் ஒருமுறை பார்க்குமாறு தூத்துக்குடிப் பல் மருத்துவர்களை இம்மடல் கேட்டுக்கொள்கிறது.