தக்கை மூழ்கும் வரை

திருப்பதிக்குத் தென்கிழக்கே, ஆரணியாற்றின் குறுக்கே 1958-ல் எழுந்தது பிச்சாட்டூர் அணை. 2022 வரை சித்தூர் மாவட்டம். இப்போது திருப்பதி மாவட்டம். இங்கிருந்து திறக்கும் தண்ணீர் ஊத்துக்கோட்டை வழியே தமிழ்நாட்டுக்குள் ஓடிப் பழவேற்காடு அருகே கடலைச் சேர்கிறது.

வேர்க்கடலை விளையும் சீமை இது. தூண்டில்காரர்களுக்கு இரைக்குப் பஞ்சமில்லை. ஊறிய கடலைப் பிண்ணாக்கோடு வறுத்த தவிடும் கோதுமை மாவும் சேர்த்துப் பிசைந்தால் உருண்டை தயார். இறுகினால் கரையாது, தளர்ந்தால் வீசும்போதே உதிரும். முதலில் நாலைந்து உருண்டைகளைச் சும்மா வீசிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வாசனைக்கு மீன் கூடும்.

எவ்வளவு ஆழம் என்பது மீனைப் பொறுத்தது. தெலுங்கர்கள் 'பொச்செ' என்னும் கட்லா மேல்மட்டத்தில் மேயும், 'சீலாவதி' என்னும் ரோகு நடுநீரில், மிருகால் அடிச்சேற்றில். கெண்டை இனத்துக்கு வாயில் பல் கிடையாது, தொண்டையில்தான். இரையை உறிஞ்சிப் பார்த்துத் துப்பும். தக்கை துடித்ததுமே இழுப்பவருக்கு வெறும் முள்தான் மிஞ்சும். மூழ்கும் வரை பொறுக்க வேண்டும்.

பொறுமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த மூன்று மீன்களும் தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. 1957-ல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி ஊசி போட்டு முட்டையிட வைத்துக் காட்டினார். அணைகளில் விடக் குஞ்சுகள் தாராளமாகக் கிடைத்தது அதன் பிறகுதான். தானாகப் பெருக அவற்றுக்குப் புதுவெள்ளம் வேண்டும். மழைக்காலத்தில் வயிறு பருத்து நீரோட்டத்தை எதிர்த்து ஏறும் மீனை விட்டுவைத்தால், ஆற்றிலேயே பிறந்த கெண்டை அடுத்த ஆண்டும் கிடைக்கும்.