கையெழுத்துக்கு அப்பீல் உண்டா?

பெருமாள்முருகன் வழக்கு என்றதும் எல்லோரும் தீர்ப்பின் கடைசி வரியைத்தான் சொல்வார்கள். எழுத்தாளரை மறுபடியும் எழுதச் சொன்ன வரி. நல்ல வரிதான். ஆனால் கோவை நீதிமன்ற வளாகத்தில் காலம் தள்ளிய எனக்கு அந்தத் தீர்ப்பில் வேறோர் இடம்தான் பெரிதாகப் பட்டது: 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் எழுதி வாங்கிய ஒப்பந்தம் எவரையும் கட்டுப்படுத்தாது என்ற இடம். அந்த வழக்கில் நான் ஆஜரானவன் அல்ல, பார்த்திருந்தவன்தான். ஆனாலும் கொங்கு நாட்டு வக்கீல்கள் பலருக்கு அது சொந்த வழக்குப் போலவே இருந்தது. அப்படிப்பட்ட ஒப்பந்தங்களுக்கு நடுவில்தானே நாங்கள் தொழில் செய்கிறோம்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010-இல் வந்தது. குழந்தையில்லாத காளி, பொன்னா தம்பதியின் கதை. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் ஓர் இரவைச் சுற்றிச் சுழல்வது. நாலு வருஷம் ஊரில் ஒரு சலசலப்பும் இல்லை. 2013-இல் ஆங்கிலத்தில் வந்தது. ஊர்ப் பெண்களை இழிவாக எழுதிவிட்டார் என்று 2014 டிசம்பர் கடைசியில் பிரதிகளைக் கொளுத்தினார்கள், ஜனவரியில் கடையடைப்பு, அடுத்து மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’. நிபந்தனையற்ற மன்னிப்பு, சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்குவது, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது என்று எழுதி, அவர் கையெழுத்துப் போட்டார். ஓரிரு நாளில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார்.

எதிர்த்தவர்கள் எல்லோரையும் வன்முறையாளர்கள் என்று தள்ளிவிட என்னால் முடியாது. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டும் என் கட்சிக்காரர் ஒருவர் அந்த வாரம் வேறு வேலையாக வந்தவர், “ஏனுங் வக்கீலய்யா, எங்கூருப் பொம்பளைங்களப் பத்தி எழுதுனா நாங்க சும்மா இருக்கோணுமுங்களா?” என்றார். அவர் கோபம் நடிப்பல்ல. சும்மா இருக்க வேண்டாம், கோர்ட்டுக்குப் போகலாம், அரசுக்கு மனுக் கொடுக்கலாம் என்றேன். “அதுக்கெல்லாம் வருசக்கணக்கா ஆகுமுங்க” என்றார். அதையும் என்னால் மறுக்க முடியவில்லை.

ஆனால் அந்தத் தாமதத்துக்குள்தான் பாதுகாப்பு இருக்கிறது. ஒரு நூலைப் பறிமுதல் செய்ய மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அதை அரசிதழில் அறிவிக்க வேண்டும், என்ன காரணம் என்று எழுத வேண்டும், பாதிக்கப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம், அங்கே மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். காரணம் எழுதுவதை வெறும் சடங்கு என்று நினைத்த உத்தரப் பிரதேச அரசு இதில் ஒருமுறை வசமாக மாட்டியது. ஈரோட்டுப் பெரியாரின் இராமாயண நூலின் இந்தி மொழிபெயர்ப்பை அது 1969-இல் பறிமுதல் செய்தது. வெளியிட்ட லலாய் சிங் யாதவ் விடவில்லை. எதற்காக என்று அரசு சொல்லவே இல்லை என்பதை வைத்து உத்தரவு ரத்தானது. உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 1976 செப்டம்பரில், நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த நேரத்தில். ஈரோட்டிலிருந்து பள்ளிபாளையம் பாலம் தாண்டினால் திருச்செங்கோடு பக்கம்தான். ஆனால் இங்கே ரத்து செய்வதற்கு ஓர் உத்தரவே இல்லை.

சூட்சுமம் அதில்தான் இருந்தது. அதிகாரி தடை போட்டால் மறுநாளே ரிட் போடலாம். நானே மனமுவந்து கையெழுத்துப் போட்டேன் என்று ஒரு தாள் இருந்தால் எதை எதிர்த்து வழக்குப் போடுவது? அமைதிக் கூட்டம் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கோயிலில் யாருக்கு முதல் மரியாதை, தேர் எந்தத் தெருவில் திரும்புவது, வாய்க்கால் மடையை எப்போது திறப்பது என்று எத்தனையோ தகராறுகளை அந்தக் கூட்டங்கள் ரத்தம் சிந்தாமல் முடித்திருக்கின்றன. அங்கே இரண்டு தரப்பிடமும் விட்டுக்கொடுக்க ஏதாவது இருக்கும். நாமக்கல்லில் ஒரு பக்கம் ஊர், இன்னொரு பக்கம் தனி ஆள். அதுவும் அதே ஊரில் அரசுக் கல்லூரியில் தமிழ் வாத்தியார். அவருக்குச் சம்பளம் கொடுப்பதும் அரசு, காவல் கொடுக்க வேண்டியதும் அரசு, கையெழுத்து வாங்கியதும் அரசு.

வழக்குக்குப் போனது அவர் அல்ல, தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் அன்றைய தலைவர் ச. தமிழ்ச்செல்வன். இதை இடதுசாரிகளுக்கும் சாதி, மத அமைப்புகளுக்கும் நடந்த சண்டையாகப் பலர் எழுதினார்கள். தனிமனிதன் பேச்சு முதலா, சமூகத்தின் மானம் முதலா என்பது பழைய சண்டை. இரண்டு பக்கத்துக்கும் கொள்கை உண்டு, கொடி உண்டு. ஆட்சியர் அலுவலகங்களில் நான் பார்த்த மூன்றாவது கொள்கைக்குக் கொடி கிடையாது. ‘சட்டம் ஒழுங்கு கெடக் கூடாது’ என்பது அதன் பெயர். எந்தக் கட்சி ஆண்டாலும் அது மாறாது. கூட்டத்தைக் கலைப்பதைவிட ஒருவரை அடக்குவது சுலபம் என்பது அதன் கணக்கு.

அந்தக் கணக்கு தப்பு என்று 1989-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது, அதுவும் ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில்: ஊர்வலம் வரும், கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துச் சுதந்திரத்தை நெரிக்க முடியாது; அதைக் காப்பது அரசின் கடமை. 2016 ஜூலை 5 அன்று பெருமாள்முருகன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு அந்த வழியிலேயே போனது. நாவல் பிடிக்காதவர் தூக்கி எறியலாம் என்றது. நூலுக்கும் ஆசிரியருக்கும் எதிரான கோரிக்கைகளை ஏற்கவில்லை. இலக்கியத் தகராறில் போலீசும் வருவாய்த் துறையும் தாங்களாகத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, கலை இலக்கியம் அறிந்தவர்களின் குழுவைக் கேட்க வேண்டும் என்றது. இந்தக் குழு விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. குழு அமைப்பதும் அரசுதானே.

ஒன்றரை வருஷம் கழித்து அந்தத் தாள் செல்லாது என்றானது. அதற்குள் பெருமாள்முருகன் நாமக்கல்லைவிட்டுச் சென்னைக்குப் போயாகிவிட்டது.

இப்போதும் ‘பேச்சுவார்த்தைக்கு வாங்க’ என்று போன் வந்தால் கட்சிக்காரர்கள் என்னிடம் கேட்கிறார்கள். போங்கள், மரியாதையாகப் பேசுங்கள், எந்தச் சட்டப்பிரிவில் கூப்பிட்டார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள், அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்பேன். தலையாட்டிவிட்டுப் போவார்கள். பாதிப் பேர் போட்டுவிட்டுத்தான் திரும்பி வருவார்கள். “நாளைக்கும் அந்த ஊர்லதானுங்களே குடியிருக்கோணும்” என்பார்கள்.