ஓரத்தில் பென்சில்

மிக்ஸி என்றாலே எங்கள் கோயமுத்தூர்க்காரர்களுக்கு முதலில் கொஞ்சம் இளப்பம். இருக்காதா பின்னே? 1955-லேயே இந்த ஊர் பி. சபாபதி மாவாட்டுகிற கல்லுக்கு மோட்டார் பூட்டிவிட்டார். ஆட்டாங்கல்லில் குழவி சுற்றும். கிரைண்டரில் கல் சுற்ற, குழவி நின்ற இடத்தில் நின்றது. பைகாரா மின்சாரமும் பம்புசெட் பட்டறைகளும் இங்கே, கல்லுக்குப் பக்கத்திலேயே ஊத்துக்குளி. பொண்ணுக்குச் சீர் கொடுத்தால் அதில் ஒரு கிரைண்டர் உண்டு.

அப்புறம்தான் பம்பாயிலிருந்து சுமீத் மிக்ஸி வந்தது. மனைவி மாதுரியின் ஜெர்மன் மிக்ஸி நம் அரைப்புக்குத் தாங்காமல் எரிந்துபோக, என்ஜினியரான சத்யபிரகாஷ் மாத்தூர் தானே ஒன்று செய்யக் கிளம்பினார். 1963-ல் கம்பெனி தொடங்கினார். மஞ்சளையும் கொப்பரையையும் பொடியாக்குகிற மிக்ஸி என்று வீட்டுக்கு வீடு பேச்சானது. ஆத்தா மட்டும் ஜாருக்குள் விரல் விட்டுப் பார்த்து, "என்ன கண்ணு, மாவு சுடுது? இதுல இட்லி ஊத்துனா கல்லாட்டம் இருக்கும்" என்று சொல்லிவிட்டது. அது சரிதான். பிளேடு சுற்றுகிற வேகத்தில் உளுந்து சூடேறும். மெதுவாகச் சுற்றும் கல்லில்தான் பொங்கப் பொங்க ஆட்ட முடியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் படம் ஓடும்போது மிக்ஸி போட்டால் திரை முழுக்கப் புள்ளியும் கோடுமாக ஓடும். "ஏனுங்க்கா, சித்த நிறுத்துங்க!" என்று அடுத்த வீட்டிலிருந்து சத்தம் வரும். கப்ளர் தேய்ந்து ரப்பர் வாசம் அடித்தால், மோட்டார் வைண்டிங் கடை தெருவுக்கு ஒன்று இருந்த ஊர் இது. கவலையில்லை.

எனக்கு இப்போதும் ஏக்கமாக இருப்பது மிக்ஸியோடு தந்த சமையல் புத்தகம்தான். வழவழ அட்டை, உள்ளே ஆங்கிலம். மில்க் ஷேக், மயோனைஸ், கேக் மாவு. எந்த ஜார், எந்த ஸ்பீடு, எத்தனை விநாடி என்று கணக்கு. கொள்ளுக்கு ஒரு வரி கிடையாது. மயோனைஸை யார் கண்டது? அம்மா அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தாள்: கொள்ளு வறுத்தது ஒரு டம்ளர், பூண்டு, புளி, வரமிளகாய், விட்டு விட்டு ஓட்டணும். கேக் படத்துக்கு மேலேயே பருப்புப் பொடி. பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்ன எள்ளுப் பொடி பின்னட்டையில், பக்குவத்தோடு: "எள்ளு கடைசில, ஒரே சுத்து, இல்லைன்னா எண்ணெய் விட்டுரும்." கம்பெனிக்காரன் விநாடியில் எழுதியதை அம்மா சுத்துக் கணக்கில் எழுதினாள்.

இன்று மிக்ஸியோடு வருவது பெரும்பாலும் எச்சரிக்கைத் தாளும் கேரண்டி கார்டும். பழைய புத்தகம் தங்கச்சி வீட்டில் இருக்கிறது. கொள்ளுச் சட்னிப் பக்கத்தில் எண்ணெய் இறங்கி, மிளகாய் 4-ஆ 9-ஆ என்று தெரியவில்லை. அவள் ஒன்பது போடுகிறாள். அம்மா கையில் இத்தனை காரம் இருந்ததேயில்லை என்று நான் சொன்னால், "உங்களுக்கு வயசாயிருச்சுண்ணா" என்கிறாள்.