விடுபட்டவரைத் தேடி

வைத்திய ஆராய்ச்சி என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழுவது, வெள்ளை அங்கி தரித்த ஒருவர் மைக்ராஸ்கோப்பின் மீது கண்ணைப் பதித்து அமர்ந்திருக்கும் தோற்றமே. அந்தத் தோற்றம் பொய்யன்று. ஆனால் பாதி மெய்தான். அவர் பார்க்கும் ஸ்லைடின்மேல் பூசப்பட்டிருக்கும் சளி யாருடையது, அவர் மருந்தை உண்டாரா அல்லது உண்டதாகச் சொன்னாரா, சென்ற மாதம் வந்தவர் இந்த மாதம் ஏன் வரவில்லை என்னும் விவரங்களைத் தெருத்தெருவாக நடந்து திரட்டிக் கொடுக்கும் ஒரு கூட்டம் அந்த அறைக்கு வெளியே உண்டு. அந்தக் கூட்டத்தில் ஒருவனாக, காசநோய் ஆராய்ச்சியிலும் பின்னர் குடும்பநல ஆய்வுகளிலும் களப்பணியாளனாக, என் உத்தியோக காலத்தைக் கழித்தவன் நான். எங்கள் தொழிலின் சாரம் யாது என்று எவரேனும் கேட்டால், வந்தவரைக் கணக்கெடுப்பதைக் காட்டிலும் வராதவரைத் தேடிப் பிடிப்பதே என்றுதான் சொல்வேன்.

இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் ஒரு கௌரவமான பூர்வோத்தரம் இருக்கிறது. க்ஷயரோகிக்குச் சானடோரியம் ஒன்றே கதி என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1956-ஆம் ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை ராஜ்ய அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தை நிறுவின. பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் ஆராய்ச்சிகளை நடத்தினார். நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரைத் திருவுளச்சீட்டு முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றப் பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து, இருவகையினருக்கும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்னும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல ஆகாரம், காற்றோட்டம், படுக்கையில் ஓய்வு. வீட்டில் இருந்தவர்களுக்கோ நெருக்கடியான குடித்தனம், அரை வயிற்றுச் சாப்பாடு, முடிந்தபோதெல்லாம் கூலிவேலை. 1959-இல் வெளியான முடிவின்படி, ஆண்டிறுதியில் சானடோரியத்தார் நூற்றுக்கு 92 பேரிடத்திலும் வீட்டார் நூற்றுக்கு 86 பேரிடத்திலும் நோய்க்கிருமி அடங்கியிருந்தது. வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை என்பது, அக்குடும்பங்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் உறுதியாயிற்று.

உலகெங்கும் சானடோரியங்களின் அவசியத்தைக் கேள்விக்குள்ளாக்கிய இந்த முடிவைப் படிக்கும்போது என் போன்றவன் கண் முதலில் செல்வது மருந்தின் பெயர்மேல் அன்று. ஓலைக் குடிசையிலும் ஒண்டுக் குடித்தனத்திலும் வாழ்ந்த அந்த மனிதர்களைக் கைநழுவ விடாமல் ஆண்டு முழுவதும், அதற்கப்பாலும், எவ்விதம் தொடர்ந்தார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. காரணத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். நூறு பேருக்கு ஒரு மருந்து கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் 80 பேர் பரிசோதனைக்கு வருகிறார்கள். அவர்களில் 72 பேர் குணமடைந்திருக்கிறார்கள். நூற்றுக்கு 90 பேருக்குக் குணம் என்று மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் வராத 20 பேரும் குணமடையவில்லை என்றால் உண்மைக் கணக்கு 72. அத்தனை பேரும் குணமடைந்துவிட்டார்கள் என்றால் 92. எழுபத்திரண்டுக்கும் தொண்ணூற்றிரண்டுக்கும் நடுவே எந்த இடத்திலும் உண்மை இருக்கக்கூடும். வராதவர்கள் வந்தவர்களைப் போன்றவர்களே என்று கொண்டால் தொல்லை இல்லை. ஆனால் அவர்கள் ஒருபோதும் அப்படி இருப்பதில்லை. உடம்பு தேறி வேலைக்குப் போனவர், உடம்பு முடியாமல் சொந்த ஊருக்குத் திரும்பியவர், குடியில் விழுந்தவர், இறந்தே போனவர் ஆகியோரே வராதவர்கள். ஆகையால், எத்தனை நுட்பமான புள்ளியியல் சூத்திரமும், வெயிலில் ஒருவன் நடந்துபோய் ஒரு கதவைத் தட்டுவதற்கு முழுமையாக ஈடாகாது.

அந்தக் கதவைக் கண்டுபிடிப்பதே முதல் வித்தை. சென்னையின் பழைய பேட்டைகளில் பழைய எண், புதிய எண் என்று வீட்டுக்கு இரண்டு எண்கள் இருக்கும். குடிசைப் பகுதியில் ஒன்றுமே இராது. ஆகவே முதல்நாள் பதிவு செய்யும்போதே, எந்தக் கோயிலுக்குப் பின்புறம், எந்தத் தண்ணீர்க் குழாய்க்கு எதிர்ச்சந்து, சொந்த ஊர் எது, அங்கே யார் இருக்கிறார்கள், வேலை செய்யும் இடம் எது, அந்தப் பகுதியில் அவரைக் கூப்பிடும் பெயர் என்ன என்பவற்றையெல்லாம் எழுதிக்கொள்ள வேண்டும். ரேஷன் கார்டில் ஒரு பெயரும் தெருவில் ஒரு பெயருமாக வாழ்பவர்கள் அநேகர். அடுத்தது, விசாரிக்கும் முறை. 'டி.பி.க்காரர் வீடு எது?' என்று தெருமுனையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், அந்தக் குடும்பத்தின் பெண்ணுக்கு வரன் வருவது நின்றுபோகும். யூனிஃபாரம் இல்லாமல், ஆஸ்பத்திரி வண்டியைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு, நோயின் பேரையும் ஆஸ்பத்திரியின் பேரையும் வாயால் சொல்லாமல் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப் போனாலோ, கையில் நோட்டுப் புத்தகத்துடன் வருகிறவனைத் தண்டல்காரன் என்று எண்ணி, 'அப்படி ஒரு ஆளே இங்க இல்லையே' என்று தெருவே ஒருமுகமாகச் சாதிக்கும். தேநீர்க்கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்து, நம் முகம் அவர்களுக்குப் பழகும்வரை பொறுத்திருப்பதைத் தவிர அதற்கு மாற்று இல்லை.

வாசலை அடைந்தபின் நிகழ்வதையும் சொல்கிறேன். இரண்டு வாரமாக வராத ஒருவரைத் தேடிப் போனபோது, அவர் மனைவி நிலைப்படியை மறைத்தாற்போல் நின்றுகொண்டு, "அவரு ஊருக்குப் போயிருக்காரு சார்" என்றார். வாசலில் ஆண்பிள்ளைச் செருப்பு கிடந்தது. அதைச் சுட்டிக்காட்டுகிறவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லாதவன். அந்த அம்மாள் பொய் சொன்னார் என்பது நிரூபணமாகும், ஆனால் நோயாளி திரும்ப வரமாட்டார். "சரிம்மா, வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. மருந்தை நிறுத்தினதுக்குத் திட்டறதுக்காக வரலை. அவருக்கு மருந்தில ஏதாவது தொந்தரவு இருந்திருக்கும், அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். நாலு வீடு தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "சார், ஒண்ணுக்குப் போனா ரத்தமாப் போகுது, அதான் பயந்துட்டேன்" என்றார் அந்த மனிதர். ரிஃபாம்பிசின் என்னும் மருந்தை உண்டவர்களுக்குச் சிறுநீர் ஆரஞ்சுச் சிவப்பாகப் போவது இயல்பு, ஆபத்து ஏதுமில்லை. மருந்து கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய ஒரு வாக்கியத்தை யாரோ சொல்லாமல் விட்டதனால், ஒரு மனிதர் சிகிச்சையிலிருந்தும், ஓர் எண் ஆராய்ச்சியிலிருந்தும் நழுவ நேர்ந்திருக்கும்.

மருந்து உண்டதை அறியும் உபாயங்களும் இந்த வாசலைச் சார்ந்தவையே. சேத்துப்பட்டு ஆராய்ச்சியில், முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மிச்சமிருக்கும் மருந்தை எண்ணுவார்கள். சிறுநீர் வாங்கிப் பரிசோதிப்பார்கள். பி.ஏ.எஸ். உண்டவரின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு சேர்த்தால் செவ்வூதா நிறம் காணும். மாத்திரைக் கணக்கு சரியாக இருந்தும் நிறம் மாறவில்லையென்றால், மாத்திரைகள் வயிற்றுக்குப் போகவில்லை என்பது தெளிவு. வயிற்றைப் புரட்டும் அந்த மருந்தை ஓராண்டு விழுங்குவதென்பது எளிதான காரியமன்று. மனிதனின் மறதியையும் சலிப்பையும் குற்றமாகக் கருதாமல் இயற்கையாகக் கருதிய காரணத்தால்தான், வாரம் இருமுறை ஊழியரின் கண்ணெதிரிலேயே மருந்து கொடுக்கும் முறையை அந்நிலையத்தார் வகுத்து, அது தினசரி மருந்துக்குக் குறைந்ததன்று என்று 1964-இல் காட்டினார்கள். இன்று உலகெங்கும் வழங்கும் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் மூலம் அதில் இருக்கிறது.

மரபியல் இந்தத் துறைக்குள் புகுந்ததும் அதே பாதையில்தான். ஐசோனியசிடைச் சிலர் உடல் விரைவாகவும் சிலர் உடல் மெதுவாகவும் செயலிழக்கச் செய்கிறது. இது பிறவியிலேயே அமைந்த குணம், என்.ஏ.டி.2 என்னும் மரபணுவைப் பொறுத்தது. வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது விரைவாகச் செயலிழக்கச் செய்பவர்களிடத்தில் அது போதிய பலன் தரவில்லை என்பதைச் சென்னையில் கண்டார்கள். மருந்தைத் தவறாமல் உண்டார் என்று நிச்சயமாகத் தெரிந்த நோயாளியிடத்தில் மட்டுமே, குணமாகாமைக்குக் காரணம் மரபணுவா என்று கேட்க முடியும். உண்டாரா என்பதே தெரியாதபோது அந்தக் கேள்விக்கு அர்த்தமில்லை.

பிற்காலத்தில், சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் பரம்பரை நோய்களைப் பற்றிய விசாரணையில் ஈடுபட்டபோதும் இதே பாடத்தை வேறு வடிவில் கற்றேன். "மாமாவைத்தான் கட்டிக்கிட்டேன்" என்று ஒரு பெண் சொன்னால், அந்த மாமா தாயின் உடன்பிறந்தவராகவும் இருக்கலாம், அத்தை மகனாகவும் இருக்கலாம். தாய்மாமனாயின், பிறக்கும் குழந்தையிடத்தில் ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையாக இருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அத்தை மகனாயின் பதினாறில் ஒன்று. ஆகையால் உறவைக் கேட்காமல், உங்கள் அம்மாவைப் பெற்றவர் யார், உங்கள் வீட்டுக்காரரைப் பெற்றவர் யார் என்று ஆள் ஆளாகக் கேட்டு மேலே ஏற வேண்டும். அதைவிடக் கடினமானது குழந்தைகளைப் பற்றிய கேள்வி. "எத்தனை பிள்ளைங்கம்மா?" என்றால் உயிரோடிருப்பவர்களை மட்டுமே தாய் சொல்வாள், பிறந்த சில நாளில் போய்விட்ட குழந்தையை அந்நியனிடம் எண்ணிக் காட்ட எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆனால் அந்தக் குழந்தையை அழைத்துப்போன நோயே நாங்கள் தேடிவந்த நோயாக இருக்கக்கூடும். "தலைப் பிரசவம் எங்கே நடந்தது? அம்மா வீட்டிலயா? அதுக்கு அடுத்தது?" என்று ஒவ்வொரு பிரசவமாக, அவசரமில்லாமல், மாமியார் உள்ளே போகும் நேரம் பார்த்துக் கேட்டால் கணக்கு நிறைவு பெறும். வம்சாவளிப் படத்திலும் விடுபட்டவர்களே முக்கியமானவர்கள்.

இவ்வளவு பாடுபட்டும், விரும்பிய விடை வருமென்ற நிச்சயம் இல்லை. 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் 3,60,000-க்கும் மேற்பட்ட மக்களைப் பதிவு செய்து, பி.சி.ஜி. ஊசி காசநோயைத் தடுக்கிறதா என்று ஆராயத் தொடங்கினார்கள். சிலருக்குத் தடுப்பூசியும் சிலருக்கு வெறும் ஊசியும் போடப்பட்டது; எவருக்கு எது என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்ததன் முழு அறிக்கை 1999-இல் வெளிவந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே முடிவு. கைக்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் முதலிய கடுமையான காசநோய் வடிவங்களிலிருந்து காப்பதனால் பிறந்தவுடன் போடும் வழக்கம் தொடர்கிறது. ஆனால் அது வளர்ந்தவர்களுக்கும் அரண் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லாது போயிற்று. சிலருக்கு இது தோல்வியாகத் தோன்றலாம். என் அபிப்பிராயத்தில், ஒரு மாவட்டத்து ஜனங்களைப் பதினைந்து ஆண்டு விடாமல் தொடர்ந்து பெற்ற 'இல்லை' என்னும் விடை, பாதிப் பேரைத் தவறவிட்டுப் பெற்ற 'ஆம்' என்னும் விடையைவிடப் பன்மடங்கு மதிப்புடையது.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்லியாக வேண்டும். விடுபட்டவரைத் தேடுவது வேறு. விலகியவரை வற்புறுத்துவது வேறு. ஆராய்ச்சியில் சேர்ந்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்; அதனால் அவருக்குரிய சிகிச்சையில் ஒரு குறையும் வரலாகாது என்பது 1964-ஆம் ஆண்டின் ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் வழிவந்த தர்மம். 'இனி வேண்டாம்' என்று ஒருவர் தெளிவாகச் சொன்னபின் அவர் வாசலுக்கு ஆராய்ச்சியின் பொருட்டுப் போக எங்களுக்கு உரிமையில்லை. அவரை 'விலகினார்' என்று நேர்மையாக எழுதிவிட்டு, அந்த எண்ணையும் அறிக்கையில் அச்சிட வேண்டியதுதான்.

வாசகர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. நோட்டுப் புத்தகத்துடன் ஒருவர் உங்கள் வாசலுக்கு வந்தால், எதற்காக, யாருக்காக, இந்த விவரம் யார் கைக்குப் போகும் என்று தயங்காமல் கேளுங்கள். திருப்தியானால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இல்லையேல் மாட்டேன் என்று சொல்லுங்கள், பொய்யான விடை மட்டும் வேண்டாம். மற்றது, ஒரு மருந்தால் நூற்றுக்கு இத்தனை பேர் குணமடைந்தனர் என்று பத்திரிகையில் படிக்கும்போது, எத்தனை பேரில் தொடங்கினார்கள், கடைசிவரை எத்தனை பேரைக் கண்டார்கள் என்னும் இரண்டு எண்களையும் தேடிப் பாருங்கள். அவை இரண்டும் இல்லாத செய்தியை எத்தனை பெரிய நிபுணர் சொன்னாலும் நம்பத் தேவையில்லை.