பட்டம் முடித்துவிட்டு வா

திருநெல்வேலி
18.05.2025

அன்பு மகள் கயல்விழிக்கு,

சித்தி எழுதுகிறேன். பத்தாம் வகுப்பே போதும், இரண்டாம் நிலைக் காவலர் தேர்வை எழுதட்டும், காலேஜ் எதற்கு என்று உன் அப்பா சொல்கிறாராமே? அக்கா போனில் வருத்தப்பட்டாள். அத்தானைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்கு இன்னொரு சம்பளம் வரவேண்டும். நானும் அப்படிச் சேர்ந்தவள்தான். ஆனாலும் நீ படித்துவிட்டு வா. எஸ்.ஐ. தேர்வுக்குப் பட்டம் வேண்டும், 20 வயதும் ஆகவேண்டும். டிகிரி முடிக்கும்போது உனக்கு வயதும் சரியாக வந்துவிடும்.

எந்தப் பட்டமானாலும் தேர்வு வாரியம் ஏற்றுக்கொள்ளும். படிப்பின் பெயரில் போலீஸ் இருக்கிறதே என்று கூடுதல் பணம் கட்டிச் சேராதே. உனக்குப் பிடித்த உளவியலையே எடு. ஸ்டேஷனுக்கு வருகிற பலருக்கு நடந்ததைக் கோர்வையாகச் சொல்ல வராது. அடிபட்டு வந்த பெண் முதலில் பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் பேசுவாள். பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவளிடம்தான் மற்றது வரும். பிறகு ஆசை இருந்தால் இங்கே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் முதுகலை படிக்கலாம்.

சட்டத்தை மட்டும் இப்போதே தொடங்கு. 2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி., சி.ஆர்.பி.சி. இரண்டும் போய்ப் புதுச் சட்டங்கள் வந்துவிட்டன. அவற்றின்படி, சோதனை போட்டுப் பொருளைக் கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும். கைப்பற்றியதை எழுதிவைக்கும் மகஜரில் நேரம் ஒன்று, வீடியோவில் ஒன்று என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார். நடந்ததை நடந்தபடி, பிழையில்லாத தமிழில் எழுதப் பழகு.

2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். அந்த நாட்களில் சீருடையோடு பஸ் ஏறவே எனக்குக் கூசியது. அங்கே பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர்தான் பார்த்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். மேலதிகாரி சொல்வது சட்டத்துக்குள் அடங்குமா என்று உனக்கே தெரிந்திருக்க வேண்டும், கயல். பயிற்சியிலும் சட்டம் சொல்லித்தருவார்கள். ஆனால் அது கவாத்துக்கும் துப்பாக்கிக்கும் நடுவே ஓடிப்போகும். நின்று யோசிக்க, எதிர்க்கேள்வி கேட்கக் கல்லூரியில்தான் நேரம் கிடைக்கும்.

என்.சி.சி. உள்ள கல்லூரியாகப் பார். தேர்வில் அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. காலை ஓட்டத்தை விடாதே. முதல் வருஷக் கட்டணம் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்து அத்தானிடம் நானே பேசுகிறேன். விண்ணப்பத்தை அதற்குள் நிரப்பி வை.

அன்புடன்,
சித்தி