அப்பாவின் அம்பாசடரும் காற்றில்லாத டப்பாவும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்பாசடரைக் கழுவி வாசலில் நிறுத்தினால் போதும். நாகமலை புதுக்கோட்டையில் வாக்கிங் போகிறவர்களில் நாலு பேராவது நின்றுவிடுவார்கள். "எந்த வருஷ மாடல்?", "இன்ஜின் என்ன, ஐசுசுவா?", "லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்ற மூன்று கேள்விகளும் தவறாமல் வரும். "பிரேக் எப்படி பிடிக்குது?" என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. நாங்களே அந்தக் கேள்வியைக் கேட்டது ரொம்பத் தாமதமாகத்தான்.

எங்களுடையது 1976 மாடல், மார்க் 3. அப்பா அதை செகண்ட் ஹேண்டில் வாங்கி டாக்ஸியாக ஓட்டினார். பல்கலைக்கழகத்துக்கு வருகிற விருந்தினர்களை மதுரை ஜங்ஷனில் ஏற்றிவருவது, கல்யாண வீட்டுச் சவாரி, நடுராத்திரிப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி ஓட்டம் என எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான். அக்கா கல்யாணமும் என் டிப்ளமோ ஃபீஸும் அதன் சம்பாத்தியம்.

பெட்ரோல் விலை கட்டுப்படியாகாத ஒரு கட்டத்தில், அதிலிருந்த 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு, ஐசுசு 2 லிட்டர் டீசல் இன்ஜினை ஏற்றினார் அப்பா. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி இப்படி மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். அதையும் வாங்கி, ஆர்.சி.யில் 'டீசல்' என்று மாற்றிவிட்டார். வண்டிக்குப் புது இளமை வந்தது. தேனி ரோட்டில் முன்பு இதை முந்திப்போன வேன்களை இது முந்த ஆரம்பித்தது.

வேகம் கூடினால் பிரேக்கும் கூட வேண்டும் இல்லையா? அந்தக் கால அம்பாசடரில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். எனவே மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பட்டறையில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும், அதற்கு உதவியாக பூஸ்டரும் மாட்டினார்கள். பார்க்க அம்சமாக இருந்தது. ஆனால், பெடல் மட்டும் முன்பைவிடக் கல்லாக இருந்தது. "புது பேடு, செட்டாக நாளாகும்" என்றார்கள். நாளானது, செட்டாகவில்லை. அப்பாவுக்கு ஏற்கெனவே வலது முழங்காலில் வலி. இடைவெளி விட்டு, கியரைக் குறைத்து, சமாளித்து ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களிடம் அவர் சொல்லவே இல்லை.

போன வருடம் அக்கா மகனுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுவிட்டுத் தேனியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். குழந்தையோடு சேர்த்து வண்டியில் ஆறு பேர். ஆண்டிபட்டி கணவாய் இறக்கத்தில் முன்னால் போன லாரி சட்டென்று வேகம் குறைத்தது. அப்பா மிதித்தார். பெடல் இறங்கவில்லை. இரண்டு கால்களையும் வைத்து எழுந்து நின்ற மாதிரி மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தார். லாரியின் பின்பலகைக்கும் எங்கள் பானெட்டுக்கும் ஒரு முழம்தான் மிச்சம். உசிலம்பட்டி வரும்வரை யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "இதை வித்துருங்க." அப்பா பதில் சொல்லாமல் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

விற்பது இருக்கட்டும், பெடல் ஏன் இறங்கவில்லை என்று தெரியாமல் அந்த வண்டியை இன்னொருவர் கையில் கொடுப்பதும் தப்பில்லையா? தேனி ரோட்டிலேயே, ஜீப் வேலைக்குப் பேர்போன ஒரு வயதான மெக்கானிக்கிடம் அப்பாவும் நானும் போனோம். அவர் பூஸ்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, ஒரு சின்ன கேஜை மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். முள் அசையவே இல்லை. சிரித்துவிட்டார்.

"பாப்பா, இந்த டப்பாவுக்குச் சாப்பாடே போகல. வெறும் வயித்தோட மூணு வருஷமா வேலை பாத்திருக்கு" என்றார்.

அந்த டப்பாவின் சாப்பாடு வேக்குவம், அதாவது காற்றில்லாத வெற்றிடம். பூஸ்டர் என்பது உள்ளே ரப்பர் சவ்வு வைத்துத் தடுத்த ஒரு வட்ட டப்பா. சவ்வின் இரண்டு பக்கமும் காற்றை உறிஞ்சி எடுத்து வைத்திருப்பார்கள். நாம் பெடலை மிதித்ததும் நம் பக்கத்தில் ஒரு வால்வு திறந்து வெளிக்காற்று உள்ளே பாயும். மறுபக்கம் வெற்றிடம் என்பதால், சவ்வை அந்தக் காற்றே முன்னால் தள்ளும்.

காற்றுக்கு அவ்வளவு பலமா? நம்மைச் சுற்றியிருக்கும் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்கு அழுத்துகிறது. 20 செ.மீ. விட்டமுள்ள சவ்வின் பரப்பு சுமார் 314 சதுர செ.மீ. மூன்றில் இரண்டு பங்கு வெற்றிடம் கிடைத்தாலே 200 கிலோவுக்கு மேல் தள்ளுவிசை வரும். 1920-களிலேயே கார்களுக்கு வந்துவிட்ட யோசனை இது. நம் காலுக்குத் துணையாக ஒரு பயில்வான் சேர்ந்து மிதிப்பதாக வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த வெற்றிடத்தை உண்டாக்குவது யார்? பெட்ரோல் இன்ஜினில் அது சும்மாவே கிடைக்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காற்று நுழையும் வாசல் கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். உள்ளே பிஸ்டன்கள் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஸ்ட்ராவின் நுனியை விரலால் பொத்திக்கொண்டு உறிஞ்சுவதைப்போல. அந்த இடத்தில், அதாவது மேனிஃபோல்டில், ஒரு ஹோஸைச் செருகினால் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் வந்துவிடும்.

எங்கள் வண்டியில் இருப்பதைப் போன்ற டீசல் இன்ஜினில் அந்த வாசல் கிடையாது. எவ்வளவு டீசலைப் பீய்ச்சுகிறோம் என்பதை வைத்துத்தான் வேகம். காற்று தடையில்லாமல் போய்வரும். எனவே மேனிஃபோல்டில் வேக்குவமே இருக்காது. எங்கள் வண்டியில் பெட்ரோல் இன்ஜினுக்குச் செய்வதுபோல ஹோஸை மேனிஃபோல்டில் செருகி வைத்திருந்தார்கள்.

"அப்ப பூஸ்டரே இல்லாத பழைய டிரம் எப்படிண்ணே நல்லாப் பிடிச்சுச்சு?" என்று கேட்டேன். அதற்கும் காரணம் இருந்தது. டிரம்மை பிரேக் ஷூ தொட்டதும், சுற்றுகிற டிரம்மே அந்த ஷூவை இழுத்துத் தன்மேல் இறுக்கிக்கொள்ளும். அதனால் மிதிக்கிற காலுக்குப் பாரம் குறைவு. டிஸ்க் அப்படி உதவாது. முழு அழுத்தத்தையும் நாம்தான் கொடுக்க வேண்டும். அதனால்தான் டிஸ்க் வந்தால் கூடவே பூஸ்டரும் வருகிறது. எங்கள் வண்டியில் டிரம் கொடுத்த உதவியும் போய், பூஸ்டர் தரவேண்டிய உதவியும் வராமல் போயிருக்கிறது. பிரேக் ஆயில் அழுத்தம் வேலை செய்தது. ஆனால், அதை உண்டாக்க வலி வந்த ஒரு முழங்கால் மட்டும்தான் இருந்தது.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர்ப்பக்கம் ஓடிய பழைய போடி ரயில் ஞாபகம் வந்தது. 2010 இறுதியோடு நிறுத்தப்பட்டு, அகலப் பாதையாகி, 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் திரும்பி வந்த அதே ரயில்தான். அந்தக் கால மீட்டர் கேஜ் ரயில்களிலும் வேக்குவம் பிரேக்தான். ஆனால், அங்கே கணக்கு தலைகீழ். குழாயில் வேக்குவம் இருக்கிறவரை பிரேக் விடுபட்டிருக்கும். செயினை இழுத்தாலோ, குழாய் அறுந்தாலோ காற்று உள்ளே புகுந்து பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். காரில் வேக்குவம் போனால், உதவி போய்விடும். ரயில் நின்றுவிடும், கார் நிற்காது. அதனால்தான் காரில் வேக்குவம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருக்கிறது.

தீர்வுக்கு இரண்டு வழிகள் சொன்னார் அந்த அண்ணன். ஒன்று, பேட்டரியில் ஓடும் தனி வேக்குவம் பம்ப். மின்சாரக் கார்கள் பலவற்றில் இதைத்தான் வைக்கிறார்கள். இன்னொன்று, முதுகிலேயே வேக்குவம் பம்ப் வைத்த ஆல்டர்னேட்டர். டீசல் ஜீப்களிலும் வேன்களிலும் பல வருடங்களாக இருப்பது இது. எங்கள் இன்ஜின் பழைய மார்க்கெட்டிலிருந்து வந்தபோது, பம்ப் இல்லாத சாதா ஆல்டர்னேட்டர் மாட்டப்பட்டிருந்தது. நாங்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தோம். அம்மாவின் சீட்டுப் பணம் அதற்குப் போனது. "இது வண்டிக்குன்னு குடுக்கல, உங்க காலுக்குன்னு குடுக்கறேன்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

மாட்டி முடித்ததும் அதே கேஜில் முள் 20 அங்குலத்தைத் தாண்டி நின்றது. அண்ணன் சொல்லச்சொல்ல நான் மொபைலில் குறித்துக்கொண்டவை இவை.

பூஸ்டருக்குப் போவது கனமான வேக்குவம் ஹோஸாக இருக்க வேண்டும். தண்ணீர் ஹோஸைப் போட்டால் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும். இடையில் ஒருவழி வால்வு வேண்டும். இன்ஜின் சட்டென்று நின்றாலும், ஒன்றிரண்டு மிதிக்கான வேக்குவத்தை அதுதான் காப்பாற்றி வைக்கும். பம்புக்கு இன்ஜின் ஆயில் ஒரு மெல்லிய குழாய் வழியே போய், கீழே சம்ப்புக்குத் திரும்புகிறது. அந்தக் குழாய் ஒழுகினால் பிரேக், இன்ஜின் இரண்டுக்கும் ஆபத்து. மிக முக்கியமானது இது: ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிற பெல்ட் அறுந்தால் டேஷ்போர்டில் பேட்டரி விளக்குதான் எரியும். ஆனால், இந்த மாதிரி வண்டியில் அது பிரேக்குக்கான எச்சரிக்கையும்கூட. "லைட்டு எரிஞ்சா, வீடு போய்ப் பாத்துக்கலாம்னு ஓட்டாதீங்க சார்" என்று அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னார்.

இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை ஆஃப் செய்யும் பழக்கம் நம் பக்கத்தில் பலருக்கு உண்டு. இப்போது அதன் அர்த்தம் உங்களுக்கே புரிந்திருக்கும். 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள போடிமெட்டு மாதிரியான பாதையில், ஒன்றிரண்டு மிதிக்கான வேக்குவத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இறங்குவதற்குச் சமம் அது.

அப்பாவுக்கு ஒரே ஒரு வருத்தம் மிச்சம். 50 வயதைத் தாண்டிய வாகனங்களுக்கு 'விஏ' வரிசையில் தனி நம்பர் பிளேட் தர 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஆனால், சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும். டீசல் இதயம் வைத்த எங்கள் வண்டிக்கு 2026-ல் வயது 50 ஆனாலும் அந்த மரியாதை கிடைக்காது. "பிளேட்டு இல்லாட்டி என்னப்பா, பிரேக்கு இருக்குல்ல" என்றேன். முறைத்தார். பிறகு சிரித்தார்.

மலைப்பாதைக்கு இனி தான் ஓட்டுவதில்லை என்று அப்பா முடிவெடுத்துவிட்டார். மதுரைக்குள் மட்டும் ஓட்டுகிறார். அம்மா விற்கச் சொல்வதை நிறுத்திவிட்டார், முன்சீட்டிலும் உட்கார்கிறார்.

அக்கா வீட்டுக்காரர் போன மாதம் புது கார் வாங்கி, காட்டுவதற்காகக் கொண்டுவந்தார். எல்லோரும் டச் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இன்ஜின் ஆஃபில் இருக்கும்போதே பிரேக்கை நாலைந்து தடவை மிதித்தார். பெடல் கெட்டியானது. அதன்மேல் காலை வைத்துக்கொண்டே ஸ்டார்ட் செய்தார். பெடல் மெதுவாகக் கொஞ்சம் கீழே இறங்கியது.

"இப்படி இறங்கினா பூஸ்டர் உசுரோட இருக்குன்னு அர்த்தம், மாப்ளே. மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க. அரை நிமிஷம்கூட ஆகாது" என்றார்.